வந்து தங்கிப் போனார்கள், ஒரு வார்த்தை இல்லை

நீண்ட நாள் நண்பர்கள் குடும்பத்தோடு எங்கள் வீட்டில் வந்து தங்கினார்கள். எங்கள் படுக்கையறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் கூடத்தில் படுத்துக்கொண்டோம். குழந்தைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துச் சமைத்தேன். கணவர் லீவு போட்டுவிட்டு ஊரைச் சுற்றிக் காட்டினார். கிளம்பியது விடியற்காலை, "வரோம்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார்கள். சரி, அவசரத்தில் என்ன பேச முடியும்? போய்ச் சேர்ந்ததும் போன் வரும் என்று இருந்தேன். வரவில்லை. மறுநாள் நானே விசாரித்தால் "ம், வந்துட்டோம்" என்று பதில். அப்புறம் சுற்றிப் பார்த்த இடங்களின் படங்களை எல்லாம் போட்டிருந்தார்கள். எங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"நன்றிக்காகவா செஞ்சோம்?" என்கிறார் கணவர். இல்லைதான். ஆனால் அவர்களுக்கு இங்கே நன்றாகத் தூக்கம் வந்ததா, சமையல் பிடித்ததா, நாங்கள் ஏதாவது குறை வைத்துவிட்டோமா, எதுவுமே தெரியவில்லை. அதுதான் மனதை அரிக்கிறது. மறுபடியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

*

நடந்திருக்கிறது தோழி. கல்லூரிக் காலத்துச் சிநேகிதி ஒருத்தி வேலை மாறி வந்தபோது வீடு கிடைக்கும் வரை எங்களோடுதான் இருந்தாள். தனி வீடு போன பிறகு பேச்சே இல்லை. உள்ளுக்குள் வைத்துப் புழுங்குவது எனக்கு ஆகாது. நேராகவே கேட்டேன்: "நீ போனப்புறம் ஒரு வார்த்தைகூட வரல, எங்க வீட்ல உனக்கு ஏதாவது கஷ்டமா இருந்துச்சா?" திடுக்கிட்டுப் போனாள். "உனக்குப் போய் தேங்க்ஸ் சொன்னா அந்நியமா இருக்காதா?" என்றாள். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருக்கிறாள்.

2018-ல் வெளியான ஓர் ஆய்வில், எட்டு மொழிகளில் மக்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் பேசிக்கொள்வதைப் பதிவு செய்து பார்த்தார்கள். கேட்ட உதவியைச் செய்தவருக்கு நன்றி சொன்னது ஏறத்தாழ இருபதில் ஒரு தடவைதான். ஆனால் அதில் பார்த்தவை பெரும்பாலும் அதை எடுத்துக் கொடு, இதை நகர்த்து என்கிற மாதிரியான சின்ன உதவிகள். வீட்டையே திறந்துவிட்டு நாள்கணக்கில் பார்த்துக்கொள்வதை அதோடு சேர்க்க முடியாது. நீங்கள் எதிர்பார்த்தது நியாயம்தான்.

அதே ஆண்டு அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் நன்றிக் கடிதம் எழுதியவர்களை ஆராய்ந்தார்கள். படிப்பவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் அளவுக்கு மீறி நினைத்திருந்தார்கள். கடிதம் கிடைத்தவர்களோ அவர்கள் எண்ணியதைவிட அதிகமாக மகிழ்ந்தார்கள். என் சிநேகிதியின் தயக்கமும் இதே ரகம்தான். இப்போது எங்கே தங்கினாலும் ஊர் திரும்பியதும் முதல் வேலையாகக் கூப்பிட்டுப் பேசுகிறாளாம்.

*

எனக்குத் தெரிந்த ஒருவர் வாயைத் திறந்து நன்றி சொன்னதே கிடையாது. ஆனால் தங்கும் நாளில் படுக்கையை மடித்து வைப்பார், பாத்திரம் கழுவ வந்து நிற்பார். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரவு முழுக்க உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். அவரிடம் நான் வார்த்தையைத் தேடியதில்லை. உங்கள் நண்பர்கள் அந்த வகையா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அப்படி இல்லையென்றால், அடுத்த தடவை வருகிறோம் என்று போன் செய்யும்போதே சொல்லிவிடுங்கள்: "போன தடவை நீங்க போனப்புறம் எங்களுக்கு ஒண்ணும் தெரியல, மனசு கஷ்டமா இருந்துச்சு." அவர்கள் கிளம்பிப் போன பிறகு சொன்னால் சண்டை மாதிரி ஆகிவிடும். உங்கள் கணவருக்கு மறுபடி லீவு போட முடியாதென்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.