காய்கறியால் நச்சுநீக்க நொதிகள் கூடுமா? சாறு விற்பவர்கள் சொல்வதும் உண்மையும்

நொதியன்:
காய்கறிச் சாறு உடலின் நச்சை நீக்கும் என்று விற்பவர்கள் சொல்வதை, "டீடாக்ஸ் (நச்சுநீக்கம்) என்பதே வியாபாரம்" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது தவறு. புரோக்கோலியை வெட்டினால் செல் உடைந்து, அதிலுள்ள குளுக்கோரபனின் என்ற சேர்மமும் மைரோசினேஸ் நொதியும் கலந்து சல்ஃபோராபேன் என்ற பொருள் உருவாகிறது. நம் செல்லுக்குள் நச்சுநீக்க நொதிகளைத் தூண்டும் என்ஆர்எஃப்2 புரதத்தைக் கீப்1 என்ற இன்னொரு புரதம் பிடித்துவைத்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். சல்ஃபோராபேன் கீப்1-இல் ஒட்டியதும் அந்தப் பிடி விடுகிறது. என்ஆர்எஃப்2 உட்கருவுக்குள் போய் ஜிஎஸ்டி, என்கியூஓ1 போன்ற இரண்டாம் கட்ட நொதிகளை (நச்சை உடல் வெளியேற்ற ஏற்ற வடிவமாக்குபவை) கூட்டுகிறது. புரோக்கோலியில் இந்தத் தூண்டல் முக்கியமாக சல்ஃபோராபேனால்தான் என்று 1992-இலேயே அமெரிக்க மருந்தியலாளர் பால் தலாலேயின் குழு காட்டிவிட்டது.

மருந்துச்சீட்டு:
வழிமுறையை யார் மறுத்தார்கள்? கேள்வி அளவைப் பற்றியது. நன்றாக வெந்தால் மைரோசினேஸ் செயலிழக்கும். கொதிநீரில் போட்டு வடித்தால் குளுக்கோரபனினில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடும். மிச்சத்தைக் குடல் பாக்டீரியா மாற்றித் தரலாம், ஆனால் அது ஆளுக்கு ஆள் மிகவும் வேறுபடும்.

நொதியன்:
அதற்கு வழி இருக்கிறது. பொடியாக நறுக்கி 40 நிமிடம் வைத்துவிட்டுச் சமைத்தால் அடுப்பேறும் முன்பே சல்ஃபோராபேன் உருவாகிவிடும். நேரமில்லையென்றால் 1 முதல் 3 நிமிடம் ஆவியில் வைத்தால் போதும். முழுக்க வெந்துவிட்டதா? 200 கிராம் காய்க்கு 1 கிராம் பச்சைக் கடுகுப்பொடியைச் சூடு தணிந்தபின் தூவுங்கள், கடுகின் மைரோசினேஸ் வேலையைச் செய்யும். வறுத்த கடுகில் அது இருக்காது.

சீனாவின் சிடோங்கில் 291 பேரை வைத்து 12 வாரம் நடத்திய ஆய்வு 2014-இல் வெளிவந்தது. புரோக்கோலி முளைப் பானம் குடித்தவர்களின் சிறுநீரில் காற்று மாசில் உள்ள பென்சீனின் கழிவுப்பொருள் 61% கூடுதலாக வெளியேறியது.

மருந்துச்சீட்டு:
அந்தப் பானத்தில் தினமும் 600 மைக்ரோமோல் குளுக்கோரபனினும் 40 மைக்ரோமோல் சல்ஃபோராபேனும் அளந்து கொடுத்தார்கள். அதை ஒரு கிண்ணம் பொரியலோடு ஒப்பிடாதீர்கள். பச்சையாகத் தின்றாலும் முழுப்பலன் வராது, காயிலுள்ள இன்னொரு புரதம் விளைவைச் சல்ஃபோராபேனுக்குப் பதில் நைட்ரைல் என்ற பயன் குறைந்த பொருளின் பக்கம் திருப்பிவிடும். இலேசான சூடு அதை முடக்கும், உங்கள் ஆவிமுறை சரியென்பதற்கு அதுவே காரணம்.

என் பெரிய ஆட்சேபம் முதல் கட்டத்தில், அதாவது நச்சை முதலில் மாற்றியமைக்கும் நொதிகளில். புரோக்கோலி, முட்டைக்கோஸ் குடும்பக் காய்களிலிருந்து வரும் இந்தோல்-3-கார்பினால் என்ற பொருள் வயிற்று அமிலத்தில் டிஐஎம் என்ற பொருளாக மாறி, முதல் கட்ட நொதியான சிஒய்பி1ஏ2-ஐக் கூட்டுகிறது. கருகிய இறைச்சியில் உள்ள அமீன்களைப் புற்றுநோய் தரும் வடிவத்துக்கு மாற்றுவதும் இதே நொதிதான். காரட், செலரி குடும்பமோ இதைக் குறைக்கிறது. ஆக "நொதி கூடினால் நல்லது" என்று பொதுவாகச் சொல்லவே கூடாது.

நொதியன்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழுக்காயில் இரு கட்டமும் சேர்ந்தே தூண்டப்படுகின்றன, உருவாகும் பொருளை ஜிஎஸ்டி பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. டிஐஎம் மாத்திரையில் அந்தத் துணை அதே அளவு கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

மருந்துச்சீட்டு:
மாத்திரை விஷயத்தில் நாம் ஒரே பக்கம். குளோசபின் (மனநல மருந்து), தியோஃபிலின் (ஆஸ்துமா மருந்து) எடுப்பவர்கள் திடீரென்று முட்டைக்கோஸ், புரோக்கோலியைப் பெருமளவில் கூட்டினால் இதே சிஒய்பி1ஏ2 கூடி மருந்து வேகமாகக் கழிந்து ரத்த அளவு இறங்கலாம், நிறுத்தினால் ஏறலாம். அளவை ஒரே சீராக வைத்திருங்கள். மாற்றுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லி ரத்த அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.