மழைக்காலத்தில் டோப் அடித்தேன், இறக்கை வெளுத்துவிட்டது. எந்த டோப் வாங்குவது?

கேள்வி (மண்டபம்)

எல்லோருக்கும் வணக்கம். அக்கா மகனுக்காக ரப்பர் முறுக்கில் பறக்கும் பால்சா மர விமானம் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். இறக்கை 90 செ.மீ. டிஷ்யூ தாளை ஒட்டித் தண்ணீர் தெளித்தேன். காய்ந்ததும் மத்தளத் தோல் போல விறைத்து நின்றது. அதுவரை ஒரு குறையும் இல்லை.

தாளை இறுக்கி அடைக்கப் பூசும் டோப் இங்கே கிடைக்காததால், பெயிண்ட் கடையில் மரச்சாமான்களுக்கு விற்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) கிளியர் லாக்கர் வாங்கிப் பாதிக்குப் பாதி தின்னர் கலந்து, மேல் பக்கம் மட்டும் அடித்தேன். கார்த்திகை மாதம், மழை விட்ட சாயங்காலம். சீக்கிரம் காயட்டும் என்று ஃபேனுக்குக் கீழே வைத்தேன். பத்தே நிமிடத்தில் வடிகஞ்சி சிந்தியது போலத் திட்டுத் திட்டாக வெள்ளை. காலையில் பார்த்தால் இடது இறக்கையின் நுனி ஒரு விரற்கடை முறுக்கிக்கொண்டு நிற்கிறது. பையன் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்த இறக்கையைக் காப்பாற்ற முடியுமா? நல்ல டோப் வரவழைப்பதென்றால் நைட்ரேட் வகையா, பியூட்டிரேட் வகையா? அடுத்து சின்ன குளோ எஞ்சின் (மெத்தனாலில் ஓடும் குட்டி எஞ்சின்) விமானம் செய்யவும் ஆசை. இரண்டுக்கும் ஒரே டப்பா போதுமா?

பதில் (தொண்டி)

தம்பி, இறக்கை பிழைக்கும், கவலைப்படாதே. வெளுத்தது லாக்கரின் குற்றம் இல்லை, காற்றில் இருக்கும் ஈரம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிர வைக்கிறது. பூச்சு நனைந்திருக்கும்போதே அதன் மேல் ஈரம் பனித்துப் படிந்து, உள்ளே கரைந்திருந்த செல்லுலோஸைத் திரிய வைக்கிறது. ஃபேன் அந்தக் குளிர்ச்சியை இன்னும் கூட்டிவிட்டது. வாடைக் காற்று வீசுகிற நாளில் நம் கடற்கரையில் எந்த டப்பாவைத் திறந்தாலும் இதே கதைதான்.

வெயில் அடிக்கிற ஒரு நாள் பார். காலை பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள், நிழலில், காற்று நேரே அடிக்காத இடத்தில் வைத்து, வெள்ளைத் திட்டின் மேல் வெறும் தின்னரை ஒரே இழுப்பில் பூசு. பழைய பூச்சு இளகி, தெளிவாகித் திரும்பக் காயும். கார் பெயிண்ட் கடையில் ரிட்டார்டர் என்று கேட்டால் மெதுவாக ஆவியாகும் தின்னர் கொடுப்பார்கள். அதில் கொஞ்சம், பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், கலந்துகொள். முதலில் மிச்சச் சட்டம் ஒன்றில் தாள் ஒட்டி அதில் அடித்துப் பார்.

இப்போது எந்த டோப் என்பது. ரப்பர் விமானத்துக்கு நைட்ரேட். மரத்தையும் தாளையும் நன்றாகப் பிடிக்கும், சுருக்கமும் அளவாக இருக்கும். பியூட்டிரேட் மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருப்பதால் மெல்லிய இறக்கையை வளைத்துவிடும். ஆனால் குளோ எஞ்சின் என்றால் பேச்சே வேறு. அந்த எரிபொருளில் மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் இருக்கின்றன. எஞ்சின் துப்பும் இடமெல்லாம் நைட்ரேட் பிசுபிசுத்துக் கரைந்துவிடும், பியூட்டிரேட் தாங்கும். அடியில் நைட்ரேட், மேலே பியூட்டிரேட் என்று அடிக்கலாம். மாற்றி மட்டும் அடித்துவிடாதே, பிடிக்காது. ஆகவே ஒரே டப்பா போதாது.

உன் கையில் இருக்கும் மர லாக்கரும் நைட்ரேட் வகைதான். பளபளப்புக்கும் கடினத்துக்கும் வேறு பிசின்கள் சேர்த்திருப்பதால் டோப் அளவுக்கு இறுக்காது, எடையும் சற்றுக் கூடும். தாள் ஏற்கெனவே தண்ணீரில் விறைத்துவிட்டதால் இந்த விமானத்துக்கு அதுவே போதும்.

பதில் (உச்சிப்புளி)

முறுக்கலுக்கு நான் சொல்கிறேன். ஒரு பக்கம் மட்டும் அடித்து இரவெல்லாம் சும்மா விட்டதுதான் காரணம். மேலும் கீழும் அடுத்தடுத்து அடித்து, தொடுவதற்குக் காய்ந்ததும் சமமான பலகையில் குண்டூசியால் இறக்கையை நிறுத்த வேண்டும். அடியில் சிறு மரத்துண்டுகள் வைத்தால் காற்று புகும், பலகையிலும் ஒட்டாது. ஒரு நாள் முழுக்க அப்படியே இருக்கட்டும். முப்பது மில்லி டோப்புக்கு நான்கைந்து சொட்டு விளக்கெண்ணெய் விட்டால் பூச்சு வளைந்து கொடுக்கும், அதிகம் சுருங்காது.

இப்போதைய முறுக்கலை ஆவியில் எடுத்துவிடலாம். மின்சாரக் கெட்டிலின் ஆவியில் நுனியைக் காட்டி, எதிர்ப் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே முறுக்கி, குளிரும்வரை பிடித்துக்கொள்ளுங்கள். அடுப்படிப் பக்கம் கொண்டு போகவே வேண்டாம். நைட்ரேட் பூச்சு காய்ந்த பிறகும் குப்பென்று பற்றும். தின்னர் டப்பாவையும் துடைத்த துணியையும் வீட்டுக்கு வெளியே வையுங்கள், பிள்ளை இருக்கிற வீடு.

இன்னொன்று. எங்கள் ஊரில் கடற்படையின் பருந்து விமானத் தளம் இருக்கிறது. எஞ்சின் விமானம் செய்தால், அனுமதி விவரம் கேட்காமல் இந்தப் பக்கம் பறக்கவிடாதீர்கள்.

பதில் (கீழக்கரை)

நான் வள்ளங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவன். வண்ணம் வேண்டுமென்று எனாமலைக் கையில் எடுத்தால், அது கடைசிப் பூச்சாகத்தான் இருக்க வேண்டும். எனாமல் மேல் தின்னர் சரக்கு எது பட்டாலும் தோல் உரிந்து சுருண்டு வரும். ரப்பர் விமானத்துக்கு எனாமலே பாரம். கலர் டிஷ்யூ ஒட்டிவிட்டால் அந்த எடை மிச்சம்.

கேட்டவர் (மண்டபம்)

அண்ணன்மார்களுக்கு நன்றி. வியாழக்கிழமை நல்ல வெயில். பன்னிரண்டரைக்குத் திண்ணையில் வைத்துத் தின்னர் பூசினேன். வெள்ளை கண் முன்னாலேயே கரைந்து, தாளுக்கடியில் இருந்த விலாக் குச்சிகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. ரிட்டார்டரும் விளக்கெண்ணெயும் கலந்து கீழ்ப் பக்கமும் அடித்தாயிற்று. நுனியை ஆவியில் இரண்டு முறை திருப்பியதில் தீக்குச்சி கனத்துக்கு மட்டும் முறுக்கல் மிச்சம். இன்னொரு முறை காட்டலாமா, இப்படியே விடலாமா?

பதில் (உச்சிப்புளி)

இன்னும் ஒரே ஒரு முறை காட்டுங்கள். பிறகு பலகையில் குத்தி ஞாயிறுவரை தொடாதீர்கள். குண்டூசியைப் பையனையே எடுக்கச் சொல்லுங்கள்.