மனைவியின் விசா: அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். என் மனைவி பிலிப்பைன்ஸ் நாட்டவர். ஏழு மாதங்களுக்கு முன் மணிலாவில் திருமணம் நடந்தது; சான்றிதழுக்கு அப்போஸ்டில் (பிற நாடுகளிலும் ஏற்கும்படி அரசு தரும் சான்று) முத்திரையும் வாங்கிவிட்டோம். ஓசிஐ அட்டைக்கு (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் இந்தியாவில் நீண்டகாலம் தங்க உதவும் அட்டை) திருமணம் பதிவாகி 2 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். அதுவரை எக்ஸ் விசாதான் (இந்தியரின் வெளிநாட்டுத் துணைக்குக் கிடைக்கும் நுழைவு விசா).

இப்போது சுற்றுலா விசாவில் வந்திருக்கிறாள். மணிலாவுக்குத் திரும்பிப் போய்த்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒரு விசா ஏஜென்ட் அடித்துச் சொல்கிறார். எனக்கு அவர் பேச்சில் நம்பிக்கை வரவில்லை. இங்கிருந்தபடியே எஃப்ஆர்ஆர்ஓ (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) இணையதளம் வழியாக எக்ஸ் விசாவுக்கு மாற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை நாள் ஆனது?

அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாள்தான் ஆகிறது. காலையும் மாலையும் கைபிடித்து நடக்கவைப்பவள் இந்த மருமகள்தான். இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றுகூட இல்லை, ஆனாலும் நாள் முழுவதும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் அவளை விமானம் ஏற்ற மனம் வரவில்லை.

வாடகை ஒப்பந்தம் என் பெயரில் மட்டுமே இருக்கிறது. முகவரிச் சான்றாக அது போதுமா?