கொடை பண்பலையில் ஒரு சுருதி, போனில் ஒரு சுருதி. எது சரிங்க?

காங்கயத்தான்:
வணக்கமுங்க. கொடைக்கானல் 100.5 பல வருஷமாக் கேட்டுட்டு வர்றேன். ராத்திரி போடற பழைய பாட்டை அப்புறம் போன்ல தேடிக் கேட்டா ஒட்டவே மாட்டேங்குது. போன்ல டி.எம்.எஸ். குரல் இளசாட்டம், வண்டிக்கு நேரமாச்சுங்கற மாதிரி அவசரமா வருது. சுசீலா அம்மா குரல் மெலிஞ்சு கீச்சுங்குது. ரேடியோவுல அதே பாட்டு நிதானமா, கனமா இருக்குது. மனப்பிரமையான்னு கடிகாரம் வெச்சுப் பார்த்தேன்: ரேடியோவுல 4 நிமிஷம் 10 விநாடி, போன்ல இருக்கற பட வீடியோ சரியா 4 நிமிஷம். ரெண்டுமே முழுப் பாட்டு, எங்கயும் வெட்டு இல்ல. இன்னொரு பாட்டுக்கு ரேடியோவுல ரெண்டு சரணம்தான், படத்துல மூணு. நிலையத்துல ஏதாச்சும் பண்றாங்களா?

வால்வுசெட்:
நிலையத்து மேல தப்பில்லீங்க. நீங்க குடுத்த கணக்குலயே பதில் இருக்குது. 250 விநாடி, 240 விநாடி. வகுத்தா 25க்கு 24.

சினிமாப் படச்சுருள் விநாடிக்கு 24 பிரேம் ஓடும். நம்ம நாட்டுப் பழைய டிவி முறை பால் (PAL), அது 25 பிரேம். படத்தை விசிடி, டிவிடி, டிவிக்கு மாத்தும்போது 24ஐ அப்படியே 25ஆ ஓட்டிருவாங்க. படத்தோட ஒலியும் 4.17 சதவீதம் வேகமாகும், சுருதி சுமார் 71 சென்ட் ஏறும் (அரைக்கட்டைங்கறது 100 சென்ட்). அதாவது முக்கால்வாசி அரைக்கட்டை. டி.எம்.எஸ். இளசானதுக்கு அதுதான் காரணம். அந்த டிவிடியில இருந்து எடுத்து ஏத்தின வீடியோ எல்லாத்துக்கும் இந்த நோய் உண்டு.

ரேடியோப் பெட்டியில டியூனிங் நகர்ந்தா கரகரக்கும், ‘ச’, ‘ஷ’ வர்ற எடம் உடையும். ஆனா சுருதி மாறாது. பண்பலையில சுருதி மாறிக் கேட்டுச்சுன்னா மூலத்துலயே அப்படி இருக்குதுன்னு அர்த்தம்.

வேற ரகமும் இருக்குது. காப்புரிமைச் சோதனையில மாட்டாம இருக்க சில பேரு வேணும்னே சுருதியைக் கொஞ்சம் ஏத்தி இறக்கிப் போடுவாங்க. அதுல கணக்கு 25க்கு 24ன்னு வராது. ‘5.1’னு பேர் போட்டு, புதுசா பேஸ் கிடாரும் தாளமும் சேர்த்து வர்றதைக் கணக்குலயே எடுக்காதீங்க. அது வேற பாட்டு.

கொடுமுடி:
சரணத்துக்கு நான் சொல்றேன். 10 அங்குல 78 தட்டுல (நிமிஷத்துக்கு 78 சுத்து ஓடற கிராமபோன் இசைத்தட்டு) ஒரு பக்கத்துக்கு மூணு, மூணரை நிமிஷம்தான் கொள்ளும். நீளமான பாட்டை ஒண்ணு ரெண்டு பக்கமாப் பிரிப்பாங்க, இல்ல சரணத்தையோ இடையிசையையோ குறைச்சு ஒரே பக்கத்துல அடக்கிருவாங்க. வானொலிக்குப் போனது தட்டு, படத்துல கேக்கறது படத்தோட ஒலித்தடம். தலைகீழாவும் நடக்கும்: படத்தொகுப்புல ஒரு சரணம் போயிரும், தட்டுல மட்டும் தங்கும்.

நிலையம் வெட்டினதான்னு கண்டுபிடிக்க முடிவைக் கேளுங்க. பல்லவி திரும்ப வந்து வாத்தியம் தீர்மானமா நின்னா தட்டே அவ்வளவுதான். சரணத்து நடுவுல ஒலி தேஞ்சு அறிவிப்பாளர் குரல் வந்தா செய்திக்கு நேரமாச்சுன்னு அவங்க இறக்கினது.

வால்வுசெட் அண்ணன் சொன்னதோட ஒண்ணு: ரேடியோ சொல்றதெல்லாம் வேதம்னும் நெனைக்க வேண்டாம். ஆரம்பகாலத் தட்டுகள் எல்லாம் சரியா 78 சுத்துல வெட்டினதில்ல. 76ல வெட்டினதை 78ல ஓட்டினா 45 சென்ட் ஏறும். எங்க ஊர் கே.பி.சுந்தராம்பாள் அம்மா குரல் அதுவே உச்சத்துல நிக்கறது, அதுக்கும் மேல ஏத்திவிட்டா கேக்க முடியுமா?

காங்கயத்தான்:
நன்றிங்கண்ணா. அப்ப போன்ல இருக்கறதைச் சுருதி இறக்கிக் கேக்க வழி இருக்குதுங்களா? இன்னொண்ணு, ஹெட்போன் மாட்டினா 100.5ல உஸ்ஸுன்னு ஒரே இரைச்சல்.

வால்வுசெட்:
மொதல்ல சுருதி பார்க்கற டியூனர் செயலி ஒண்ணு போடுங்க. ரேடியோவுல புல்லாங்குழலோ வயலினோ நீட்டிப் பிடிக்கற எடத்துல போனைக் காட்டுங்க. வீடியோவுல அதே எடம். ஒரு உதாரணம்: ரேடியோவுல ஏ (மேல்நாட்டுச் சுரப் பேரு), +5 சென்ட்னு வந்து வீடியோவுல ஏ ஷார்ப் (ஏக்கு அரைக்கட்டை மேல), -24ன்னு வந்தா வித்தியாசம் 71. சந்தேகமே வேண்டாம், பால் கோளாறுதான். பாடற குரல்ல பார்க்காதீங்க, கமகத்துல முள் நிக்காது.

கம்ப்யூட்டர்ல ஆடாசிட்டிங்கற ஒலித்தொகுப்பு மென்பொருள்ல பாட்டைத் திறந்து, முழுசாத் தேர்ந்தெடுத்து, ‘சேஞ்ச் ஸ்பீடு அண்ட் பிட்ச்’ல -4 சதவீதம் குடுங்க. ஏறினது 4.17, இறக்கறது 4ன்னு குழம்ப வேண்டாம், 24ஐ 25ஆல வகுத்தா 0.96. ‘சேஞ்ச் டெம்போ’வைத் தொடாதீங்க, நேரம் 4:10 ஆகும், சுருதி ஏறினது ஏறினபடியே நிக்கும். விஎல்சி பிளேயர்ல கேக்கறதா இருந்தா வேகம் 0.96 வெச்சு, ஆடியோ அமைப்புல ‘டைம் ஸ்ட்ரெச்சிங்’கை அணைக்கணும். அணைக்காட்டி இதே கதைதான்.

நொய்யல்கரை:
உஸ்ஸு சத்தம் ஸ்டீரியோனால (ரெண்டு காதுக்கும் தனித்தனி ஒலி). சிக்னல் கொஞ்சம் மெலிஞ்சாலே ஸ்டீரியோவுல இரைச்சல் தூக்கும். மோனோவுக்கு (ரெண்டு காதுக்கும் ஒரே ஒலி) மாத்துங்க. நீங்க கேக்கற காலத்துப் பாட்டெல்லாம் மோனோவுல பதிஞ்சதுதானே, ஒண்ணும் நட்டமில்ல. போன் ரேடியோவுல ஹெட்போன் வயர்தான் ஏரியல், அதைச் சுருட்டி மடியில வெச்சா சிக்னல் படுத்துரும்.

வீட்டுப் பெட்டியில வெளி ஏரியல் சொருக எடம் இருந்தா, 71 செ.மீ. செம்புக் கம்பி ரெண்டு வெட்டி ஒரே கோட்டுல எதிரெதிரா நீட்டி, நடுவுல டிவி கேபிளோட உள்கம்பியை ஒண்ணுலயும் வலையை இன்னொண்ணுலயும் இணைங்க. கொடைக்கானல் உங்களுக்குத் தெற்கே, அதனால கம்பி கிழக்கு மேற்கா இருக்கட்டும். நெட்டுக்குத்தலாவும் ஒருக்கா நிறுத்திப் பாருங்க, எதுல தெளிவோ அதுல கட்டிருங்க. தகரக் கூரைக்கு அடியில மட்டும் வேண்டாம். அப்புறமும் உறுமுனா வீட்டு எல்இடி பல்பை ஒவ்வொண்ணா அணைச்சுப் பாருங்க, மலிவு பல்பு ஒண்ணு போதும் கெடுக்கறதுக்கு.