புதுப்பிப்பு: தோட்டா நீளம் மாறியதற்குக் காரணம் கிடைத்துவிட்டது

.223 ரெமிங்டன் என்ற ரைஃபிள் தோட்டாவை வீட்டில் நிரப்பும்போது மொத்த நீளம் ஒன்று 2.245 அங்குலம், அடுத்தது 2.253 என்று வருகிறதே என போன வாரம் புலம்பியிருந்தேன். குண்டை உறைக்குள் அழுத்தி இறக்கும் சீட்டிங் டை (அச்சு) மேல் தப்பில்லை, நான் குண்டின் நுனி வரை அளந்ததுதான் தப்பு. ஹாலோபாயின்ட் (நுனியில் குழியுள்ள) குண்டின் நுனியை லென்ஸில் பார்த்தால் பிசிறு பிசிறாக, ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. சீட்டிங் டையின் தண்டோ நுனியைத் தொடுவதே இல்லை, கீழே வளைவில்தான் அழுத்துகிறது.

காலிபர் என்ற அளவுக்கருவியில், குண்டின் வளைவில் பொருந்தி நிற்கும் கம்பேரேட்டர் என்ற துணைப்பாகத்தை மாட்டி, தோட்டாவின் அடியிலிருந்து வளைவு வரை அளந்தேன். இருபதில் பத்தொன்பது 0.001 அங்குல வித்தியாசத்துக்குள் அடங்கிவிட்டன. டையைத் திருகித் திருகி வீணாக்கிய இரண்டு மாலைகளை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. மிச்சம் ஒன்று 0.004 கூடுதல், டையை மாட்டியிருக்கும் பிரஸ்ஸின் லீவரை முழுசாக இறக்கவில்லை, அவ்வளவுதான்.

நுனி வரையான மொத்த நீளத்தையும் பார்க்கிறேன், இந்தத் தோட்டாவின் உச்ச வரம்பான 2.260 அங்குலத்தைத் தாண்டக்கூடாதே.