37 வயசுல என் ஃபீஸுக்கு நகையை வைக்கலாமா?

கோரையாறு:
திருத்துறைப்பூண்டி பக்கம் ஊரு. பிளஸ் டூ முடிச்ச மறு வருஷமே கல்யாணம். மன்னார்குடியில ஒரு மருந்துக்கடையில நிக்கிறேன், மாசம் 9,000. வீட்டுக்காரர் மூணு மா நிலம் குத்தகை பாக்குறார். மக அரசுப் பள்ளியில பிளஸ் ஒன். பி.காம். படிக்கணும்ங்கிறது பத்து வருஷ ஆசை. டிகிரி இருந்தா அரசு வேலைக்கு குரூப் 2 பரீட்சை எழுதலாம்னும் ஒரு நினைப்பு.

ஒரு தனியார் மையத்துல விசாரிச்சேன். தொலைநிலையில மூணு வருஷம், "எல்லாம் சேர்த்து" 35,000, மாசக் கடைசிக்குள்ள மொத்தமா கட்டணும்னாங்க. தொகையை நாள்காட்டித் தாளோட பின்பக்கம் எழுதிக் குடுத்தாங்க. சீல் இல்ல, கையெழுத்தும் இல்ல. கழுத்துல ரெண்டு பவுன் செயின் இருக்கு, வச்சா கட்டிடலாம். மாமியார், "பொண்ணு காலேஜ் போற நேரத்துல உனக்கு எதுக்கு?"ன்னுட்டாங்க. வீட்டுக்காரர் வாயே திறக்கல. நீங்க சொல்லுங்க, வைக்கலாமா?

தாளடி:
வைக்காதீங்க தங்கச்சி. பட்டுத்தான் சொல்றேன். 2011-ல தபால்ல எம்.ஏ. சேர்ந்தேன். வீட்டுக்காரம்மாவோட மூணு பவுனை வச்சுக் கட்டினேன். குறுவை அறுத்ததும் மீட்டுடலாம்னு கணக்கு. 2012-ல மேட்டூர் அணையை வழக்கம்போல ஜூன் 12-ல திறக்கல, குறுவையே போடல. அடுத்தடுத்த வருஷமும் தண்ணி நேரத்துக்கு வரல. வட்டி ஏறி நகை ஏலத்துல போச்சு. பட்டம் பீரோவுல இருக்கு, அவங்க கழுத்து இன்னிக்கும் வெறும் மஞ்சக்கயிறு. இன்னும் ஒரு வருஷத்துல உங்க பொண்ணுக்குப் பணம் தேவைப்படும். அதுக்கு இருக்கட்டும் அந்தச் செயின்.

கடைமடை:
விதைக்கு வைக்கிறோம், உரத்துக்கு வைக்கிறோம், நாத்தனார் புள்ள காதுகுத்துக்கு மொய் வைக்கவும் வைக்கிறோம். அப்பல்லாம் யாரும் கேள்வி கேட்டதில்ல. அந்த வீட்டுப் பொம்பள தன் படிப்புக்கு வைக்கிறேன்னா மட்டும் ஊரே கூடுது. அக்கா, அது உங்க தாய்வீட்டு நகைன்னா யார்கிட்டயும் கேக்க வேண்டியதே இல்ல.

தாளடி:
பொம்பளைங்கிறதால சொல்லலம்மா. நான் வச்சதும் தப்புன்னுதானே சொன்னேன். விதைக்கு வைக்கிறதும் இதுவும் ஒண்ணில்ல. குறுவைன்னா நாலு மாசத்துல நெல்லா வந்துடும். அதுபோக, கூட்டுறவு சங்கத்துல பயிர்க்கடன் வாங்கித் தவணைக்குள்ள கட்டினா வட்டியே கிடையாது, அரசாங்கம் ஏத்துக்குது. படிப்புக்குன்னு நகை வச்சா ஒரு பைசா தள்ளுபடி உண்டா? மூணு வருஷம் வட்டி ஓடும். அதுக்கப்புறம்தான் பரீட்சை, வேலையெல்லாம்.

அரசலாறு:
கும்பகோணத்தில் அரசுக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். நகை இருக்கட்டும். முதலில் அந்த 35,000 என்ன கணக்கு என்று கேளுங்கள் அம்மா. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமானாலும் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமானாலும் கட்டணம் ஆண்டுக்கு ஆண்டுதான். மூன்று வருஷத்தையும் ஒரே மூச்சில் கேட்பதில்லை. பல்கலைக்கழக இணையதளத்திலேயே நேரடியாகக் கட்டி ரசீது எடுத்துக்கொள்ளலாம். மையம் கேட்பதில் பல்கலைக்கழகத்துக்குப் போவது எவ்வளவு, மையத்தின் பங்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். பல்கலைக்கழகம் எது என்பதையே அவர்கள் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தப் பாடத்துக்கு, அந்த ஆண்டுக்கு பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) தொலைக்கல்வி அனுமதி இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

இன்னொன்று. பத்தாவதும் பிளஸ் டூவும் முடித்த பிறகு வாங்கும் திறந்தநிலைப் பட்டம்தான் தமிழக அரசு வேலைக்குச் செல்லும். 2009-இல் போட்ட அரசாணை 107 அது. நீங்கள் இரண்டும் முடித்திருக்கிறீர்கள், பயமில்லை. பள்ளியைப் பாதியில் விட்டு, நேரடியாகப் பட்டம் என்று சேர்ந்து, பணமும் போய் வேலையும் கிடைக்காமல் வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் ஃபீஸ் வாங்கிய யாரும் இதைச் சொல்லவில்லை.

மகளைப் பற்றி: அரசுக் கலைக்கல்லூரியில் இளங்கலைக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் மட்டும்தான். ஆறாவது முதல் அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 அவளுக்கே வரும். தொலைநிலையில் படிக்கும் தாய்க்கு அது கிடையாது. வருமான வரியிலும் இப்படித்தான்: பழைய வரி முறையில் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தைக் கழிக்கலாம், தான் படிக்கக் கட்டியதைக் கழிக்க முடியாது. பெரியவர் படிப்பதைச் செலவாகவே நம் சட்டங்கள் எண்ணுவதில்லை. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

தாளடி:
ஐயா, கலைக்கல்லூரின்னா சரி. அந்தப் பொண்ணு நர்சிங்னு ஆசைப்பட்டு, அரசு சீட் கிடைக்காம தனியார்ல சேர்க்கணும்னு வந்தா? அன்னிக்கு அம்மா கழுத்துல இருக்கிற ரெண்டு பவுன்தான் முதல் தவணை. 17 வயசுல விட்டதை 37-ல யாராலயும் குடுக்க முடியாதுன்னு இந்த அக்காவுக்கே தெரியும். அதனாலதான் பொண்ணுக்கு முதல்லன்னு சொல்றேன்.

கடைமடை:
37-ல குடுக்க முடியும்னுதானே இந்தப் பேச்சே! நான் 36-ல அரசு ஐடிஐயில கோபாங்கிற கம்ப்யூட்டர் படிப்புல சேர்ந்தேன், ஒரு வருஷம். பொம்பளைங்களுக்கு வயசு உச்சவரம்பு இல்ல, பயிற்சிக் கட்டணம் இல்ல, மாசம் 750 உதவித்தொகையும் வந்துச்சு. பிராக்டிக்கல் ரூம்ல என் பக்கத்துல உக்காந்த பொண்ணுக்கு என் மகன் வயசு. கட்டைவிரலை எப்படி வைக்கணும்னு அதுதான் காட்டிக் குடுத்துச்சு.

ஆனா ஒண்ணு, நேர்ல தினம் போகணும். இறால் கம்பெனி வேலையை விட்டுட்டுத்தான் போனேன். ஃபீஸ் இல்லைன்னு பேரு, ஒரு வருஷச் சம்பளம்தான் நான் கட்டின ஃபீஸ். அந்த வருஷம் வீட்டுல மீன் வாங்கினது எத்தனை தடவைன்னு விரல்ல எண்ணிடலாம். நம்ம வயசுக்காரங்க கட்டுறது இந்தக் கூலியைத்தான் அண்ணே. வேலையை விடாம படிக்கிற வழி இருந்தா அதுக்குக் கொஞ்சம் பணம் கட்டுறதுல தப்பே இல்ல.

தாளடி:
நீங்க நகை வைக்கலையேம்மா. கூலியை விட்டீங்க, கடன் வாங்கல. என் பயம் கடன் ஒண்ணுதான்.

அரசலாறு:
கடன் வேண்டாமென்றால் மாதத்தைப் பாருங்கள். ஜூலை, ஆகஸ்டில்தான் எல்லாரும் சேர்கிறார்கள். டெல்டாவில் அப்போது யார் கையில் காசு இருக்கிறது? எல்லாம் வயலில் கிடக்கும். திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் ஜனவரிச் சேர்க்கையும் உண்டு. சம்பா அறுப்புக் காசு வரும் தை மாதத்துக்கு அது பொருந்தும்.

தாளடி:
தையில அறுத்தா தையிலயே காசு வந்துடுமா ஐயா? கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலன்னா திருப்பிடுறாங்க. ரோட்டுல கொட்டிக் காயவச்சு, பனியில நனைஞ்சு, மறுபடி காயவச்சு. நெல்லை நம்பித் தேதி குறிக்க முடியாது. சம்பளத்துலதான் ஒதுக்கணும்.

கோரையாறு:
எல்லாருக்கும் நன்றி. நேத்து மையத்துக்குப் போய்ப் பிரிச்சு எழுதித் தாங்கன்னு கேட்டேன். "அப்படியெல்லாம் குடுக்கிறதில்ல, இன்னிக்குக் கட்டினா 2,000 குறைச்சுக்கறோம்"னாங்க. வந்துட்டேன். அங்க சேரல.

ஜனவரியில நேரடியா சேரப்போறேன், அனுமதியெல்லாம் பாத்துட்டு. மாசம் 700 இப்பருந்தே எடுத்து வைக்கிறேன். செயினை வைக்கல. ஆனா தாளடி அண்ணே, பொண்ணுக்கு முதல்லன்னு நீங்க சொன்னதுக்காக இல்ல. அவளுக்கு ஆகுற செலவு வேற, எனக்கு ஆகுறது வேற. ரெண்டும் இந்த வீட்டுச் செலவுதான். ராத்திரி வீட்டுக்காரர்கிட்டயும் இதையேதான் சொன்னேன். "சங்கத்துக்கு எழுதுற நோட்டுல உன்னுதையும் எழுதிக்க"ன்னார். நோட்டுல எழுதிட்டேன்.

ஒரு சிக்கல். பிளஸ் டூ மார்க் ஷீட்டு எங்கம்மா வீட்டுல, கஜா புயல்ல ஓடு பறந்து நனைஞ்சுபோச்சு. பேரு தெரியுது, மார்க்கெல்லாம் நீலமா கரைஞ்சு கிடக்கு. இதை வச்சுச் சேர முடியுமா?

தாளடி:
முடியாது, திருப்பிடுவாங்க. படிச்ச பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரைப் பாருங்க. அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு இரண்டாம்படிக்கு விண்ணப்பிக்கணும். நனைஞ்சதைத் தூக்கிப் போட்டுடாதீங்க, பதிவெண் அதுலதான் இருக்கும். நாள் ஆகும், ஜனவரி வரைக்கும் காத்திருக்காம இந்த வாரமே போயிடுங்க தங்கச்சி. பொண்ணு விஷயத்துல நான் சொன்னதுலேருந்து மாறல.