நகரத்து உணவுத் திட்டத்தில் சிறு விவசாயிக்கு என்ன வேலை?

மாம்பலத்தான்: சென்னைக்குக் காய்கறி எப்படி வர வேண்டும் என்று திட்டமிடும் குழுவில் சிறு விவசாயிகளையும் உட்கார வைக்க வேண்டுமாம். நேற்று ஒருவர் எழுதியிருந்தார். எதற்கு? 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு மொத்தச் சந்தையை மூடினார்கள். காய்கறி திருமழிசைக்கும், பழமும் பூவும் மாதவரத்துக்கும் போயின. ஊர் பட்டினி கிடந்ததா? அதிகாரிகளும் வியாபாரிகளும் சமாளித்தார்கள். விவசாயிக்குத்தான் உழவர் சந்தை இருக்கிறதே.

வயற்காட்டான்: அந்த ‘ஒருவர்’ நான்தான். ஊர் பட்டினி கிடக்கவில்லை, சரி. கோயில் பூட்டு, கல்யாணம் இல்லை, பறிக்கிற கூலிகூடக் கட்டாது என்று மல்லிப்பூவைச் செடியிலேயே விட்டவன் வீட்டில் உலை கொதித்ததா? திருமழிசையில் மழை பெய்ததும் சேற்றில்தான் மூட்டை இறங்கியது. அப்புறம் உழவர் சந்தை. அங்கே விற்பதற்கு அட்டை வாங்க சிட்டா (நிலம் யார் பெயரில் என்ற ஆவணம்), அடங்கல் (பயிர்க் கணக்கு) கேட்பார்கள். குத்தகைக்காரன் எங்கே போவான்?

கணக்குப்பிள்ளை: தப்பு. அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயரும் ஏறும். வருவாய்த் துறையில் இருந்தவன் சொல்கிறேன்.

வயற்காட்டான்: எழுதினால் ஏறும், ஐயா. நிலத்துக்காரர் தலையாட்டாமல் யார் எழுதுகிறார்கள்? குத்தகையைப் பதிவு செய்ய 1969லேயே சட்டம் வந்தது. பதிந்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்ற பயத்தில் இன்னும் வாய்ப்பேச்சுக் குத்தகைதான். என் சித்தப்பா கத்தரி போடுகிறார், சிட்டா தாம்பரத்தில் குடியிருப்பவர் பெயரில்.

மாம்பலத்தான்: திட்டத்தைப் பற்றிக் கேட்டால் சிட்டா. சிட்டா இல்லாதவரையும் விவசாயி என்று சேர்த்தால் மண்டித் தரகர் பச்சைத் துண்டோடு முதல் நாற்காலியில் இருப்பார்.

வயற்காட்டான்: இப்போது மட்டும் அந்த நாற்காலியில் யார் இருக்கிறார்கள்?

கீரைக்கட்டு: அண்ணே, சிட்டா இருக்கிற வீட்டிலும் அது ஆம்பிளை பெயரில்தான். இருட்டோடு அறுத்து, கட்டி, ஈரச்சாக்கில் சுற்றி முதல் பஸ்ஸில் ஏற்றுவது நாங்கள். எங்களை யார் கூப்பிடுவார்கள்?

மதுரைக்காரன்: உழவர் சந்தையைப் பழிக்க வேண்டாம். 1999 நவம்பர் 14 அன்று எங்கள் மதுரை அண்ணா நகரில்தான் கலைஞர் தொடங்கி வைத்தார். 2001ல் ஆட்சி மாறியதும் கவனிக்காமல் விட்டது யார் என்று கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை: இங்கே கட்சி வேண்டாம்.

மதுரைக்காரன்: கட்சி இல்லாமல்தான் விவசாயி கைக்குத் தராசு வந்ததா?

வயற்காட்டான்: சந்தையை யாரும் பழிக்கவில்லை. கீரைக்கட்டு கேட்டதற்கு ஒருவராவது பதில் சொன்னீர்களா? எந்தக் காய் எந்த வாரம் வரும், ஏரி நிறைந்தால் எந்தப் பாதை அடைபடும் என்று வயலில் நிற்பவனுக்குத் தெரியும். அவனிடம் போய் சிட்டா கேட்டால் சென்னைக்குத்தான் நட்டம்.

மாம்பலத்தான்: ஏரி நிறைவதை நீர்வளத் துறை சொல்லும். உங்கள் சித்தப்பா சொல்ல வேண்டியதில்லை.

வயற்காட்டான்: சித்தப்பாவை இழுக்காதீர்கள்.

மாம்பலத்தான்: இழுத்தது நீங்கள். மேலே போய்ப் படியுங்கள்.

கணக்குப்பிள்ளை: மறுபடியும் சொல்கிறேன், குத்தகைக்காரர் பெயர் அடங்கலில் ஏறும்.

வயற்காட்டான்: ஏறிய ஒரு அடங்கலைக் காட்டுங்கள், ஐயா.